எண்ணும் கையொப்பமும்: வங்கிக் கணக்கைப் பற்றி நாம் அறிய வேண்டுவன

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இத்தகைய முகாம்களில் குடிநீரைப் பற்றியும், சாலைகளைப் பற்றியும், விதையையும் உரத்தையும் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வங்கிக் கணக்கு. இது நகரத்து வியாபாரிகளுக்கு உரிய விஷயமாயிற்றே, நமக்கு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நீங்கள் போடும் நெல்லின் கிரயம் வங்கிக் கணக்கில்தான் வந்து சேருகிறது. பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் அவ்வாறே வருகிறது. 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுத் தொகையாகிய ரூ.6,000 மூன்று தவணைகளாகக் கணக்கிற்கே வருகிறது. ஊராட்சிக்கு வரும் மானியங்களும் கணக்கின் வழியாகவே வந்து, கணக்கின் வழியாகவே செலவாகின்றன. ஆகவே ஏர் பிடிக்கத் தெரிவது போல, கணக்கைப் பேணத் தெரிவதும் இன்று விவசாயிக்கு இன்றியமையாதது ஆகிவிட்டது.

முற்காலத்தில் ஊரில் கொடுக்கல் வாங்கல் முகத்தைப் பார்த்து நடந்தது. இன்னார் மகன், இன்ன குடும்பம், சொன்ன சொல் தவறாதவர் என்பதே அதற்கு ஈடாக இருந்தது. வங்கிக்கு நம் முகம் தெரியாது. அது அறிந்தவை இரண்டே: ஒன்று எண், மற்றொன்று கையொப்பம். எண்ணைப் பிழையின்றி எழுதுதல், கையொப்பத்தை வீணில் இடாதிருத்தல் ஆகிய இவ்விரண்டும் கைவந்தால் வங்கி நமக்கு நல்ல தோழன். இவற்றில் அசட்டையாக இருந்தால், நம் பணம் நம் கண்முன்னரே வேறிடம் போய்விடும்.

கணக்கு எண்

நிலத்திற்குப் புல எண் எப்படியோ, பணத்திற்குக் கணக்கு எண் அப்படியே. பத்திரத்தில் நம் பெயர் சரியாக இருந்தும் புல எண்ணில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால், அது அடுத்தவர் வயலைக் குறித்துவிடும். பின்னர் அதைத் திருத்துவதற்கு எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கிறது என்பது நீங்கள் அறியாததன்று. கணக்கு எண்ணும் அத்தகையதே.

கணக்கு எண் எல்லா வங்கிகளிலும் ஒரே அளவினதாக இல்லை. பாரத ஸ்டேட் வங்கியில் அது 11 இலக்கம் கொண்டது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் 15 இலக்கம். ஆகையால் விண்ணப்பங்களில் எண்ணை எழுதும்போது, நினைவிலிருந்து எழுதாமல் பாஸ் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக எழுதுங்கள். எழுதியபின் இலக்கங்களை எண்ணிப் பாருங்கள்.

கணக்கு எண்ணோடு, கிளையைக் குறிக்கும் ஒரு குறியீடும் வேண்டும். அதனை ஐ.எஃப்.எஸ்.சி. என்பர். அதில் 11 இடங்கள் உண்டு. முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது இடத்தில் எப்பொழுதும் சுழியமே நிற்கும். எஞ்சிய ஆறும் கிளையைக் குறிக்கும். அந்த ஐந்தாவது இடத்துச் சுழியத்தை ஆங்கில எழுத்தாகிய 'ஓ' என்று எண்ணி எழுதுவது எங்கும் காணப்படும் பிழை. இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். 2019 ஏப்ரல் 1-இல் பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. 2020 ஏப்ரல் 1-இல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தன. இவ்வாறு வங்கிகள் இணையும்பொழுது கிளைக் குறியீடுகள் மாறக்கூடும். பழைய பாஸ் புத்தகத்தில் உள்ள குறியீட்டை அப்படியே எழுதிக் கொடுப்பவர்கள், ஒருமுறை கிளைக்குச் சென்று கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

பெயர் சரியாக இருந்தால் எண் சற்றுப் பிழைபட்டாலும் வங்கியார் கண்டுபிடித்துக் கொள்வார்கள் என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். இது உண்மையன்று. மின்னணு வழியில் அனுப்பப்படும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் கொண்டே வரவு வைக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2010-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியுள்ளது. எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு அனுப்புபவருடையது. தவறிப் போன பணத்தை, பெற்றவர் இசைவு இன்றி அவருடைய கணக்கிலிருந்து எடுத்துத் தருவது வங்கிக்கு எளிதன்று. இக்குறையைப் போக்க 2025 ஏப்ரல் 1-க்குள் ஓர் ஏற்பாடு செய்யுமாறு ரிசர்வ் வங்கி பணித்தது. அதன்படி, பணம் அனுப்புவதற்கு முன்னரே அந்தக் கணக்கு எண்ணுக்கு உரியவர் பெயரைக் கேட்டு அறியலாம். பிறருக்குப் பணம் அனுப்பும்போது இந்த வசதியைத் தவறாமல் பயன்படுத்துங்கள். பெயர் வேறாக வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அரசின் உதவித் தொகைகளில் மற்றொரு நுட்பம் உண்டு. அவற்றுட் பல, கணக்கு எண்ணைப் பார்த்து வராமல் ஆதார் எண்ணைப் பார்த்து வருகின்றன. ஒருவருக்கு இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தாலும், உதவித் தொகை பெறுவதற்காக ஆதார் இணைப்பு நிற்பது ஒரே வங்கியில்தான். கடைசியாக எந்த வங்கியில் அந்த இணைப்புக்கு ஒப்புதல் கொடுத்தாரோ, அந்த வங்கிக்கே பணம் செல்லும். "எனக்குத் தவணை வரவில்லை" என்று முறையிடுவோர் சிலருக்கு, அவர் மறந்துவிட்ட வேறொரு கணக்கில் அத்தொகை சேர்ந்துகொண்டிருக்கக் கூடும். மனு எழுதுவதற்கு முன், ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

வைப்புத் தொகை

வங்கியில் போட்ட பணம் என்ன ஆகிறது? நாம் கொடுத்த நோட்டுகளையே ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணலாகாது. ஊர்ப் பொதுக் குதிரில் பத்துப் பேர் நெல்லைக் கொட்டி வைப்பதாகக் கொள்ளுங்கள். திரும்பக் கேட்கும்போது அதே மணிகள் கிடைக்கமாட்டா. அதே அளவு நெல் கிடைக்கும். வங்கியும் நம் தொகையில் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியிடம் வைக்கிறது. ஒரு பகுதியை அரசாங்கக் கடன் பத்திரங்களில் இடுகிறது. பெரும் பகுதியைப் பயிர்க் கடனாகவும் தொழிற் கடனாகவும் பிறருக்குத் தருகிறது. அந்த வட்டியிலிருந்துதான் நமக்கும் வட்டி வருகிறது. ஆகவே வைப்பு என்பது நாம் வங்கிக்குக் கொடுத்த கடன். வங்கி நமக்குக் கடன்பட்டிருக்கிறது. கடன் கொடுத்தவர் சீட்டுக் கேட்டு வாங்குவது முறைதானே?

ஆதலால், பணம் செலுத்தினால் முத்திரையும் கையொப்பமும் இட்ட அடிக்கட்டையை வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள். ஊருக்கு வரும் வங்கி முகவரிடம் பணம் கட்டினால், அவருடைய இயந்திரத்தில் அச்சாகி வரும் ரசீதைக் கேளுங்கள். "பிறகு வரவு வைக்கிறேன்" என்று துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பது ரசீது ஆகாது. மாதம் ஒருமுறையேனும் பாஸ் புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டாவது படித்துப் பாருங்கள். சேமிப்புக் கணக்கில் 2010 ஏப்ரல் 1 முதல் நாள்தோறும் உள்ள இருப்பைக் கொண்டு வட்டி கணக்கிடப்படுகிறது. எனவே அறுவடைப் பணத்தைச் சில நாட்கள் கணக்கில் விட்டுவைத்தாலும் அதற்குரிய வட்டி உண்டு.

வங்கியே நொடித்துப் போனால் என் செய்வது என்ற கேள்வி எழும். அது வெறும் அச்சமன்று. 1906-ஆம் ஆண்டில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது பல குடும்பங்கள் தம் சேமிப்பை இழந்தன. அந்த அனுபவத்திற்குப் பின்னரே 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. இன்று வைப்புகளுக்குக் காப்பீடு உண்டு. 1962-இல் அது தொடங்கியபோது ஒருவருக்கு ரூ.1,500 வரையில்தான் பாதுகாப்பு இருந்தது. 2020 பிப்ரவரி 4 முதல் அது அசலும் வட்டியும் சேர்ந்து ரூ.5 லட்சமாக உயர்ந்தது. ஒரே வங்கியின் பல கிளைகளில் ஒருவர் தம் பெயரில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் கூட்டியே கணக்கிடப்படும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் இக்காப்பீட்டில் அடங்கும். ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வைப்புகள் இதில் அடங்கமாட்டா. இதனால் சங்கங்களை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. அவை விவசாயிகளின் சொந்த நிறுவனங்கள். அங்கே வைப்பு வைத்திருக்கும் உறுப்பினர்கள் பொதுக்குழுவிற்குத் தவறாமல் சென்று, தணிக்கை அறிக்கையைக் கேட்டு அறிய வேண்டும் என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு செய்திகள். கணக்கிற்கு வாரிசு நியமனம் செய்யுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். அன்றியும், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீங்கள் வரவு செலவு எதுவும் செய்யாத கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து ஆண்டுகள் அப்படியே கிடந்தால் அதிலுள்ள தொகை ரிசர்வ் வங்கி நிர்வகிக்கும் ஒரு நிதிக்குப் போய்விடும். அப்பொழுதும் உரியவர் கேட்டால் அது திரும்பக் கிடைக்கும். ஆனால் அலைச்சல் மிகும். செயலற்ற கணக்கை மீண்டும் உயிர்ப்பிக்கக் கட்டணம் இல்லை.

காசோலை

ஊர்ப் பேச்சில் 'செக்' என்று சொல்லும் காசோலை என்பது ஒரு கட்டளை. "என் கணக்கிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு கொடு" என்று வங்கிக்கு நாம் எழுதும் ஆணை அது. நம் கையொப்பம் அதில் இருக்கும் வரையில், நாம் நேரில் நின்று சொல்வதற்கு அது நிகர்.

காசோலையின் அடியில் உள்ள வெண்மையான பட்டையில் சில எண்கள் காந்த மையால் அச்சாகியிருக்கும். முதலில் உள்ள 6 இலக்கம் காசோலையின் எண். அடுத்த 9 இலக்கத்தில் முதல் மூன்று ஊரையும், நடு மூன்று வங்கியையும், கடை மூன்று கிளையையும் குறிக்கும். ஊருக்குரிய அம்மூன்று இலக்கமும் அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்றை ஒட்டியவை. சென்னைக்கு 600 என வருவதைப் பார்க்கலாம். இயந்திரம் படிப்பதற்கு உரிய அப்பட்டையில் எதையும் எழுதவோ, முத்திரை குத்தவோ, மடிக்கவோ கூடாது.

முன்பெல்லாம் காசோலைத் தாளே ஊர் ஊராகப் பயணம் செய்தது. இப்பொழுது தாள் முதலில் பெற்ற வங்கியிலேயே தங்கிவிடுகிறது. அதன் படம் மட்டும் மின்னணு வழியில் செல்கிறது. இம்முறை சென்னையில் 2011-இல் வந்தது. 2025 அக்டோபர் 4 முதல், பெறப்படும் காசோலைகள் அவ்வப்போதே அனுப்பப்படுகின்றன. பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் ஏற்பதா மறுப்பதா என்று கூறிவிட வேண்டும். "செக் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும், அதற்குள் பணம் கட்டிவிடலாம்" என்று எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை இனி விட்டுவிட வேண்டும்.

காசோலையைத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே கையொப்பமிடலாம். தொகையை எழுத்தாலும் எண்ணாலும் எழுதி, இறுதியில் 'மட்டும்' என்று முடித்துக் கோடிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் எழுத்தால் எழுதியதே தொகை என்பது சட்டம்; ஆயினும் அத்தகைய காசோலை திரும்பி வருவதற்கே இடம் தரும். பெயரிலோ தொகையிலோ அடித்துத் திருத்தினால் வங்கிகள் ஏற்கமாட்டா; வேறு தாளில் எழுத வேண்டும். இடது மேல் மூலையில் இரு கோடுகள் இழுத்து, 'பெறுபவர் கணக்கிற்கு மட்டும்' என்று எழுதினால், பணம் அவருடைய கணக்கில்தான் சேரும். வழியில் தவறினாலும் பிறர் ரொக்கமாக வாங்க முடியாது. காசோலை அதில் இட்ட தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்கே செல்லும். 2012 ஏப்ரல் 1-க்கு முன் இருந்த ஆறு மாதக் கணக்கை இன்றும் நினைத்துக்கொண்டு பெட்டியில் வைத்துவிடாதீர்கள்.

மஞ்சளையோ பருத்தியையோ வாங்கிய வியாபாரி கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் என் செய்வது? 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில், 138-ஆம் பிரிவின்படி அது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் காலக் கெடு கண்டிப்பானது. திரும்பிய செய்தி வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்புப் பெற்றவருக்குப் பணம் தர 15 நாள் தவணை உண்டு. அப்பொழுதும் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். "அடுத்த வாரம் தருகிறேன், அறுப்பு முடிந்து தருகிறேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பி 30 நாளைக் கடத்திவிட்டால் இந்த வழி அடைபட்டுப் போகலாம்.

வெற்றுக் காசோலை

இனி, இன்றைய பேச்சில் தலையாய செய்திக்கு வருகிறேன். உரக்கடையில் கடன் வாங்கும்போதும், தனியாரிடம் வட்டிக்கு வாங்கும்போதும், "ஈடாக இரண்டு செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். நம்மவரும் தொகை எழுதாமல், தேதி எழுதாமல் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கிய கடன் இருபதாயிரமாக இருக்கலாம். தாளில் பின்னர் எழுதப்படும் தொகை இரண்டு லட்சமாக இருக்கலாம். "அது என் கையெழுத்தன்று, தொகையை அவர் எழுதிக்கொண்டார்" என்று சொல்லித் தப்பிவிட முடியுமா? தாமே விரும்பிக் கையொப்பமிட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையைப் பிறர் நிரப்பியிருந்தாலும், அது கடனைத் தீர்ப்பதற்காகக் கொடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் கொள்ளலாம் என்றும், அவ்வாறு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கையொப்பமிட்டவரையே சாரும் என்றும் 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த பழங்கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். வெற்றுக் காசோலை அதே ஏமாற்றின் புதிய உருவம்.

கொடுத்தே தீரவேண்டிய நிலை வந்தால், பெயரையும் தொகையையும் தேதியையும் நிரப்பிக் 'கணக்கிற்கு மட்டும்' என்று கோடிட்டுக் கொடுங்கள். இன்ன கடனுக்காக, இன்ன எண்ணுள்ள காசோலை கொடுத்தேன் என்று எழுதி, வாங்கியவரிடம் ஒப்பம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் தீர்ந்த அன்றே தாளைத் திரும்பப் பெறுங்கள். காசோலை தொலைந்துபோனால் உடனே வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்துப் பணம் கொடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஊராட்சிப் பணம்

மன்ற உறுப்பினர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலைகளில் தலைவரும் துணைத் தலைவரும் இணைந்து கையொப்பமிட வேண்டும். இருவருள் ஒருவர் இல்லாதபோது, மன்றம் தன் கூட்டத்தில் அதிகாரம் அளித்த ஓர் உறுப்பினர் மற்றவரோடு சேர்ந்து கையொப்பமிடலாம். சட்டம் ஏன் இரு கையொப்பம் கேட்கிறது? ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. "நான் வயலுக்குப் போகிறேன், அடிக்கடி வர முடியாது" என்று துணைத் தலைவர் ஒரு புத்தகம் முழுவதிலும் முன்கூட்டியே கையொப்பமிட்டு வைத்துவிட்டால், சட்டம் இட்ட இரு பூட்டுகளில் ஒன்றைத் தாமே திறந்து வைத்தவர் ஆகிறார். பின்னர் தணிக்கையில் குறை காணும்போது "எனக்குத் தெரியாது" என்ற சொல் நிற்காது. அவருடைய கையொப்பமே அவருக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும்.

பல திட்டங்களின் பணம் இப்பொழுது இணைய வழியில் வழங்கப்படுகிறது. அதற்கெனத் தலைவரிடம் தரப்படும் மின்னணுக் கையொப்பச் சாவியும் கையொப்பமேயாகும். அச்சாவியையும் அதன் மறைசொல்லையும் வேறொருவரிடம் கொடுத்துவைப்பதும், வெற்றுக் காசோலை கொடுப்பதும் ஒன்றுதான். வீட்டில் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணும் அத்தகையதே. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவர் கேட்டாலும் அதனைக் கூறாதீர்கள். உண்மையான வங்கியார் அதைக் கேட்பதில்லை.

ஆகவே, நண்பர்களே, உங்கள் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று காரியங்களைச் செய்யுமாறு வேண்டுகிறேன். முதலாவது, பயன்படுத்தாத காசோலைத் தாள்களை எல்லா உறுப்பினர்கள் முன்னிலையிலும் எண்ணிப் பாருங்கள். முன்கூட்டியே கையொப்பமிட்ட தாள் ஒன்றுகூட இருத்தலாகாது. இரண்டாவது, சென்ற கூட்டத்திற்குப் பின் கொடுத்த ஒவ்வொரு காசோலையின் எண்ணையும், பெற்றவர் பெயரையும், தொகையையும், வேலையையும் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். மூன்றாவது, வங்கியிலிருந்து கணக்கு விவரம் பெற்று, ஊராட்சியின் ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். இதற்கு ஒரு மணி நேரம் போதும். செலவு ஏதும் இல்லை.

விவசாயிகளாகிய நீங்கள் இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும், பாஸ் புத்தகத்தையும் காசோலைப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். கையொப்பமிட்ட வெற்றுத் தாள் எவரிடமேனும் இருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள். கடன் தீர்ந்தும் அவரிடம் தாள் இருக்குமாயின், நாளையே சென்று கேட்டு வாங்குங்கள்.

ஐயம் உள்ளவர்கள் பாஸ் புத்தகத்தோடு என் அலுவலகத்திற்கு வரலாம். கணக்கு எண்ணை நிரப்புவதற்கும் படிவம் எழுதுவதற்கும் எங்கள் ஊழியர்கள் உதவுவார்கள். ஆனால் கையொப்பத்தை மட்டும், தாளில் உள்ளதைப் படித்து அல்லது படிக்கக் கேட்டு அறிந்த பின்னர் நீங்களே இட வேண்டும்.